திராட்சைக்கு இட்ட வண்டல்

அணுமின் நிலையத்தை ஒட்டிய ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பரிசோதனைக்கு வண்டல் அள்ளிக் கொடுத்தவள் பேச்சித்தாய். கூலி கேட்கவில்லை. "எம்புள்ளைக்குக் கழுத்துல கட்டி வந்திருக்குய்யா. உள்ளத உள்ளபடி எழுதுங்க" என்றாள்.

கதிர்வீச்சை அளந்த வின்சென்ட்டுக்கு உள்ளது தெரிந்தது. மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. எனவே சொந்த ஊரான சின்னமனூர்க் கண்மாய் மண்ணை ஏரி வண்டல் இருந்த டப்பாக்களில் நிரப்பி அளந்து, ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுத்தான். ஏரி வண்டலை வீசியெறிய மட்டும் மனம் வரவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன் கறுத்த வண்டலை வீணாக்குவானா? இத்தனூண்டு மண் என்ன செய்துவிடும் என்று வீட்டுத் திராட்சைக் கொடியின் தூரில் கொட்டினான்.

மகளைப் புதைத்த மறுநாள் பேச்சித்தாய் அதே ஏரியில் விழுந்து செத்தாளாம்.

கோடையில் கொடி கொத்துக் கொத்தாய்க் காய்த்தது.

"நீங்க அனுப்பி வச்ச அக்கா தெனமும் ஒரு கூடை வண்டல் போடுறாகள்ல" என்றாள் மனைவி அனிதா மேரி. "பாவம், இடுப்பு வரைக்கும் சேலை நனைஞ்சு சொட்டுது. நம்ம புள்ள மேல அம்புட்டுப் பிரியம். பழத்த உரிச்சு ஊட்டி விடுறாக."

கதிர்வீச்சு இருந்தால் கத்துகிற கருவியை வின்சென்ட் ஓடிப்போய் எடுத்துவந்தான். தூரில் வைத்தான், சத்தமில்லை. பழத்தில் வைத்தான், சத்தமில்லை. போன உயிர் திரும்பி வந்தது.

"எனக்கும் வைப்பா" என்று மகள் கழுத்தை நீட்டினாள். அவள் மோவாயில் ஈர வண்டல் விரல் விரலாய்ப் படிந்திருந்தது.

கருவி கத்தத் தொடங்கியது.