இருபத்தொரு நாள்

ஏரிக்கரைத் தோட்டத்தில் கோடை உச்சியில் இருந்தபோது, வாத்தின் ஒன்பது முட்டைகளையும் தண்ணீர்த் தொட்டியோரம் ஒரு கூடையில் சிவப்புக் கோழி அடைகாத்தது. வாத்து நாளெல்லாம் ஏரியிலேயே கிடக்கும். அதற்கு உட்காரப் பொறுமை கிடையாது.

முதல் நாளே வாத்து வந்து, "அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றது.

"போடி! ஆறு தடவை அடையிருந்தவ நான். எனக்கே சொல்லித்தர வந்துட்டியா?" என்று கோழி விரட்டியது. விட்டால் போதுமென்று வாத்து தண்ணீருக்கு ஓடிவிட்டது.

கோழி நாள் தவறாமல் எண்ணியது. கோழிக்குஞ்சு பொரிக்கும் இருபத்தொன்றாம் நாள் வந்தும் ஓர் ஓடுகூட விரியவில்லை. மறுநாள் காலை, "ஒன்பதும் கூமுட்டை" என்று சொல்லிவிட்டு எழுந்து குப்பை கிளறப் போனது.

இரண்டு நாள் கழித்து வாத்து கரையேறியது. "ஏன்க்கா வெளியே சுத்தறே? எங்க குஞ்சு வர இருபத்தெட்டு நாளாகுமே!"

"இதை அப்பவே சொல்றதுக்கென்னடி?"

"நீ விரட்டினே. நானும் வெயிலுக்குப் பயந்து ஓடிட்டேன்."

கோழி பதறிப்போய்க் கூடைக்குள் ஏறி உட்கார்ந்தது. தொட்டி நிழலில் முட்டைகள் சில்லிட்டிருந்தன.

அன்று வாத்து ஏரிக்குப் போகவில்லை. கூடையருகிலேயே நின்று, "இன்னும் எத்தனை நாள்க்கா?" என்று கேட்டது.

கோழி சில்லிட்ட முட்டைகளின் மேல் சிறகை இன்னும் அகல விரித்து மூடிக்கொண்டது.