கையுறை இல்லாமல்

முதல் சட்டத்தை என் வீட்டுக்காரர் தேனீப் பெட்டியிலிருந்து தூக்கும்போதே நான் அவருடைய வலது கையைத்தான் பார்த்தேன்.

சட்டம் முழுக்கத் தேனீ. அடை எங்கே, மரம் எங்கே என்று தெரியாத அளவுக்கு மொய்த்துக்கிடந்தது. நழுவினால் அத்தனையும் கிளம்பும்.

மொட்டை மாடியில் ஒளிய இடம் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என் அண்ணன் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டார்.

அண்ணன் லாரி ஓட்டுகிறவர். இரண்டு தேனீக் குடும்பங்களையும் சின்னப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவந்து இறக்கியது அவர்தான். தலையில் ஹெல்மெட், அதற்கு மேல் பழைய கொசுவலை.

"சிமெண்டு ஏத்தியிருக்கேன், எருமை ஏத்தியிருக்கேன். வழி முழுக்க என்னைத் திட்டிக்கிட்டே வந்த லோடு இதுதான் மாப்ளே."

"உங்க தங்கச்சியை விடவா மச்சான்?" என்றார் என் வீட்டுக்காரர், சட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேறொரு நாளாக இருந்தால் சரியாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். சட்டம் இன்னும் அவர் கையில் இருந்தது.

நாளைக் காலையில் அவர் திரும்பப் பிரஸ்ஸுக்குப் போகிறார்.

பிரஸ் என்றால் இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற இயந்திரம். தகட்டைத் தள்ளிக்கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டாயா என்று அது கேட்காது. நானும் அதே கம்பெனியில்தான், பேக்கிங் பக்கம். அந்த இயந்திரத்தின் முன் நின்று, முழுக் கையோடு ஓய்வு பெற்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இவரைப் பிரஸ் ஒன்றும் செய்யவில்லை. கட்டு அவிழ்ந்து சரிந்த தகடு வலது மணிக்கட்டைக் கிழித்துவிட்டது, சுண்டுவிரல் பக்கமாக. ஆஸ்பத்திரி, வீடு என்று மாதக்கணக்கில் போயிற்று. கவனிக்க ஆளில்லாமல் மாடியில் இருந்த பழைய தேனீக்கள் பெட்டியை விட்டுப் போய்விட்டன. எனக்கு அதுகள் பக்கம் போகவே பயம்.

வீட்டுக்கு வந்த புதிதில் தம்ளர் நழுவியது. சீப்பு நழுவியது. பிறகு நழுவுவது நின்றது.

"பழையபடி ஆயிடுச்சு சார். தொட்டா எல்லாம் தெரியுது" என்று கம்பெனி டாக்டரிடம் சொன்னார். டாக்டர் நம்பினார். நானும் முக்கால்வாசி நம்பினேன்.

மிச்சமிருந்த கால்வாசியோடுதான் மாடியில் நின்றுகொண்டிருந்தேன்.

"இதையாவது போட்டுக்குங்க" என்று கையுறையை நீட்டினேன்.

"அதைப் போட்டா விரலுக்கடியில ஈ இருக்கிறதே தெரியாது. நசுக்கிடுவேன். வெறுங்கைன்னா குறுகுறுக்கும், தூக்கிக்கலாம்."

கையுறையை நானே வைத்துக்கொண்டு நின்றேன்.

சட்டங்களை வந்த வரிசை மாறாமல் பெரிய பெட்டிக்குள் இறக்கினார். நடுவில் சந்து விழுந்தால் கண்ட இடத்தில் அடை கட்டிவிடுமாம். அதனால் ஒவ்வொன்றையும் வலது கையின் ஓரத்தால் தள்ளித் தள்ளி நெருக்கினார். தகட்டைத் தள்ளுகிற அதே தள்ளு.

மூன்றாவது சட்டத்தில் ராணி இருந்தது. மற்றதைவிட நீளம், நடையில் ஒரு நிதானம். பார்த்ததும் அவர் மூச்சை இழுத்தார். அது நசுங்கினால் குடும்பமே போச்சு. இரண்டு கையாலும் பிடித்து, குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி விட்டார்.

நழுவவில்லை. நடுங்கக்கூட இல்லை.

இரண்டாவது பெட்டிக்கு வரும்போது பயம் குறைந்து, கையுறையைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டேன். சத்தம் மட்டும் கூடியிருந்தது. புகை போட்டும் ஈக்கள் அடங்கவில்லை. எண்ணெய் காய்கிற மாதிரி ஓர் இரைச்சல். அண்ணனுக்குக் கணுக்காலில் ஒன்று வைத்தது.

"கூலியும் கிடையாது, கொட்டு வேறயா" என்று கொசுவலையோடு நொண்டிக்கொண்டே கீழே இறங்கினார். நான் சிரித்துவிட்டேன். அன்றைக்கு முதல் சிரிப்பு.

கடைசிச் சட்டத்தையும் நெருக்கி, மூடியைப் போட்டு, மேலே ஒரு செங்கலை வைத்தார்.

அவ்வளவுதான். எதுவும் விழவில்லை.

கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வெளியில் சுற்றிய ஈக்கள் ஒவ்வொன்றாகப் புதுவாசலைக் கண்டுபிடித்து உள்ளே போயின. இத்தனை மாதமாகப் பார்க்காத ஒரு முகம் அவருக்கு வந்திருந்தது.

"பாத்தியா? வெறுங்கையோட ரெண்டு பெட்டி. ஒண்ணுகூட கொட்டல."

வலது கையைத் தொடைமேல் வைத்திருந்தார். சுண்டுவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுத் தழும்பு வரைக்கும், ஓரம் முழுக்க, கொடுக்குகள் குத்திக்கொண்டு நின்றன. நசுங்கிய ஈயின் பாதி உடம்பு ஒன்றும் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு கொடுக்கின் வெளிமுனையிலும் இருந்த விஷப்பை தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டினேன்.

"என்ன அது?" என்றார், பெட்டியைப் பார்த்தபடி.

"மெழுகு."

கொடுக்கு இருந்த இடத்தில் நகத்தை ஊன்றினேன். இன்னும் அழுத்தினேன். தோல் வெளுத்து, நகம் பதிந்து, ரத்தம் எட்டிப்பார்த்தது.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"காலையில சீக்கிரம் எழுப்பி விடு" என்றார். "மொத நாளே லேட்டாப் போய் நிக்கக் கூடாது."