பிரித்துப் பார்த்த பாஸ்புக்

இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில், அக்கா நோரீனின் சமையலறை மேசையில் வங்கிகளின் வட்டிப் பட்டியலைப் பரப்பினேன்.

"உன் ஐசா, அதான் வரியில்லாத சேமிப்புக் கணக்குல, வட்டி ஒரு சதவீதம். இந்த வங்கியில நாலரை, இதுக்கும் வரி கிடையாது. ஆனா பணத்தை நீயா எடுத்துடாதேக்கா, வரிச்சலுகை போயிடும். படிவம் கொடுத்தா புது வங்கியே வாங்கிக்கும்."

"விடுடா டெஸ்மண்ட், டீ ஆறுது."

"சோம்பேறி! என்னோடது அஞ்சு வருஷக் கணக்கு. நடுவுல எடுத்தா ஒரு வருஷ வட்டி அபராதம். பிரெண்டா இடுப்பு வலியில துடிச்சப்பகூட நான் தொடலையே! கடைசியில அரசாங்கமே அவளைத் தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஆபரேஷனை இலவசமா முடிச்சுக் கொடுத்துச்சு."

என் மனைவி பிரெண்டா கைத்தடி இல்லாமல் விறுவிறுவென வந்து பிஸ்கட் தட்டை வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

படிவத்தில் எழுதக் கணக்கு எண் வேண்டும். அக்காவின் பாஸ்புக்கை இழுத்துப் பிரித்தேன். பதினாலாயிரம் பவுண்டும் ஒரே நாளில் எடுக்கப்பட்டிருந்தது.

"அறிவிருக்கா? மொத்தச் சலுகையும் போச்சே!" என்று கத்திக்கொண்டே தேதியைப் பார்த்தேன்.

பிரெண்டாவின் அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள்.

"ஆஸ்பத்திரியில முன்னாடியே கட்டச் சொன்னாங்க," என்றாள் அக்கா. "டீயைக் குடிடா."