மயில் விரட்டும் பொம்மை

மயில் வந்தால் பொம்மை இரண்டு கைகளையும் வீசி, 'ஹேய்' என்று கத்த வேண்டும். யூடியூபைப் பார்த்து சென்சார், மோட்டார், ஸ்பீக்கர் எல்லாம் மாட்டி, சூர்யபிரகாஷ் அதைத் தன் வயலில் நட்டிருந்தான். விதைத்த நெல்லை மயில் பொறுக்கிவிட்டால் இந்தப் போகமே போச்சு.

பொம்மை அசையவே இல்லை.

ஒயரை மாற்றினான். பேட்டரியை மாற்றினான். காலையிலிருந்து பொழுது சாயும்வரை அதன் எதிரே நின்று, மயில் இறக்கையடிப்பது போலக் கைகளை வீசிக் காட்டினான்.

"ஹேய்! இப்படிக் கத்தித் தொலையேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

ஒரு வாரம் இதே கூத்து. கடைசியில் ஆத்திரம் தாங்காமல் பொம்மையைப் பிடுங்கி வரப்பில் எறிந்தான்.

பக்கத்து வயல் பஞ்சநதம் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "ஏன் தம்பி, கிளம்பிட்டீங்களா?"

"பின்னே என்னங்க? ஒரு மயிலைக்கூட இது விரட்டல!"

"உங்க வயல்ல ஒரு நெல்மணிகூட வீணாகாம முளைச்சிருக்கே! மயிலெல்லாம் என் வயல்லதான் மேயுது. நாளைக்கு அங்கே வர்றீங்களா?"

சூர்யபிரகாஷின் முகம் மலர்ந்தது. "பொம்மையைச் சரி பண்ணி எடுத்துக்கிட்டு வர்றேங்க!"

"பொம்மை எதுக்கு தம்பி? நீங்க வந்து நின்னு கத்தினா போதும்."