பாணியின் நிறம்

அவர் பியர்ப் போத்தலைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

மூடியைக் கையில் வைத்தபடி, பிந்தியாவது வரும் என்பதுபோல் போத்தலின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேசையைச் சுற்றி எல்லோரும் காத்திருந்தார்கள். மகள் தர்மினி. மருமகன். மருமகனின் தகப்பன் மார்செல்.

அவருடைய மனைவி குசினி வாசலில் நின்றாள். வடைத் தட்டு கையில் சுட்டது.

கிளாசில் ஊற்றினார். நுரை எழவில்லை. ஆறின தண்ணீர்போல் பியர் அடியில் படுத்துக் கிடந்தது.

அடுத்த போத்தலை எடுத்தார்.

அதுவும் சத்தம் காட்டவில்லை.

"உங்கட மரத்துக்கு என்னோட ஏதோ கோவமாம் எண்டு சொல்லு பிள்ளை."

தர்மினி பிரெஞ்சில் சொன்னாள். மார்செல் சிரித்தார். சொன்னவர் சிரிக்கவில்லை.

மேப்பிள் மரங்கள் மார்செலுடையவை. பனி இளகத் தொடங்கிய காலத்தில் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு போய், மரத்தில் வடிந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். இவர் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் விழுங்காமல் நின்றாராம். பிறகு வாளி நிறையக் கேட்டு வாங்கி வந்தார். தண்ணீருக்குப் பதில் அந்த நீரிலேயே பியர் போடப்போகிறேன் என்றார்.

பாருங்கோ, இந்த நாட்டுக்கு வந்து அவர் தன்னுடையது என்று எதையும் செய்ததில்லை. ஆருடையவோ குசினிகளில் கோப்பை கழுவினார். ஆருடையவோ கட்டடங்களுக்குக் காவல் நின்றார். பேஸ்மென்டில் பியர்க் குடுவைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, அது குமிழி விடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் அவர் முகத்தில் ஒரு பிள்ளைத்தனத்தை அவள் கண்டாள்.

கண்டும் செய்தாள்.

பியரைப் போத்தலில் அடைக்கிற அன்று. கடைசியாக, மரநீரைக் காய்ச்சி இறுக்கின மேப்பிள் பாணி கொஞ்சம் விட வேண்டும் என்று மார்செல் சொல்லிக் கொடுத்திருந்தார். இவர் பாணியைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, கண்ணாடிச் சாடியில் ஊற்றினார். யன்னல் வெயிலுக்கு நேரே தூக்கி, ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். ஆறட்டும் என்று வைத்துவிட்டுப் போத்தல் எடுக்கக் கீழே இறங்கினார்.

நொண்டி நொண்டித்தான் இறங்கினார். போன மாரியில் சீனி வியாதி அவருடைய கால்விரல் ஒன்றைக் கொண்டுபோயிருந்தது. இனியும் இனிப்பைத் தொட்டால் பாதமும் போகும் என்று டொக்டர் சொன்னபோது அவர் சும்மா தலையை ஆட்டினார். கேட்டு வைத்துக்கொண்டது அவள்தான்.

சாடியில் இருந்ததை சிங்க்கில் ஊற்றினாள். அதே அளவுக்கு, சீனி போடாத வெறுந்தேத்தண்ணி விட்டு வைத்தாள்.

நிறம் அச்சாக அப்படியே இருந்தது.

குசினி முழுக்கப் பாணி வாசம் நின்றது. திரும்பி வந்து அதைப் பியரில் விட்டபோதும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

இப்போது மார்செல் கிளாசை எடுத்து முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். தர்மினியிடம் ஏதோ சொன்னார்.

"பியர் நல்லாத்தான் வந்திருக்காம் அப்பா. நுரைதான் இல்லையாம். கடைசியில பாணி விட்டனீங்களோ எண்டு கேக்கிறார்."

"விட்டனான். என்ர கையாலதானே விட்டனான்."

"அப்ப நுரைச்சிருக்கோணுமாம். அந்த இனிப்பை ஈஸ்ட் திண்டுதானாம் நுரை வாறது. குடிக்கேக்க அந்தப் பாணியில ஒரு பொட்டு இனிப்பும் மிஞ்சாதாம்."

மிஞ்சாதாம்.

அவள் தட்டை மேசையில் வைத்தாள். ஒரு வசனம்தான். உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். சம்பந்தியின் முகத்தைக் கண்டதும் விட்டுவிட்டாள்.

"எனக்கு இதெல்லாம் எங்க கை வரப்போகுது," என்றார் அவர். வடைத் தட்டை எடுத்து எல்லோருக்கும் நீட்டினார். அவள் பக்கம் திரும்பி, "இஞ்சேரும், எனக்கு ஒரு வெறுந்தேத்தண்ணி போடும்."

போட்டாள். பழக்கத்தில் கண்ணாடிக் கிளாசில் கொண்டுவந்து வைத்தாள்.

வைத்த பிறகுதான் கண்டாள். யன்னல் வெயில் நேரே அதற்குள் விழுந்திருந்தது.

அவர் எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது.

வெயிலுக்கு நேரே உயர்த்தினார்.

ஒருமுறை சுழற்றினார்.

மார்செல் திரும்பவும் ஏதோ கேட்டார்.

"பாணி எவ்வளவு விட்டனீங்கள் எண்டு கேக்கிறார் அப்பா."

அவர் மேசைக்குக் கீழே, விரல் போன காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

"மறந்துபோனன் எண்டு சொல்லு," என்றார். "இப்பதான் ஞாபகம் வருது. விட மறந்துபோனன்."

தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

அவள் பக்கம் திரும்பவில்லை.