எட்டாவது ஜங்ஷன் பாக்ஸ்

இரண்டு வயரிலும் டெஸ்டர் எரிந்தது.

ஒன்றில்தான் எரிய வேண்டும். கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயர் எங்கேயோ விட்டிருக்கிறது.

மெயினை அணைத்தான். சமையலறையில் ஆரம்பித்து ஒவ்வொரு ஜங்ஷன் பாக்ஸாகத் திறந்துகொண்டு வந்தான். காலையிலிருந்து வீட்டில் ஒரு லைட்டும் எரியவில்லை. பழைய வீடு. தேக்குப் பட்டியில் கிளிப் அடித்து ஓட்டிய வயரிங்.

ஓட்டியவர் அவன் மனைவியின் முதல் கணவர். போஸ்ட் ஆபீஸ் கிளார்க். ஒரு மாத லீவில், ஏதோ புத்தகத்தைப் பார்த்துத் தானே செய்தாராம். அவர் செத்து ஆறு வருஷம்.

இவன் இருபது வருஷமாக எலக்ட்ரீஷியன். அவளைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம்.

"அவரு இருந்த வரைக்கும் ஒரு லைட்டும் இப்படிப் படுத்துனதில்ல" என்று காலையில் சொன்னாள். குத்திக்காட்டவில்லை. சும்மாதான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஒரே ஒரு லூஸ் ஜாயின்ட் கிடைத்தால் போதும். கூப்பிட்டுக் காட்டிவிடலாம். பார், உன் அவரு செய்த வேலையை.

முதல் பாக்ஸ். ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தது.

இரண்டாவது. மூன்றாவது. ஒரு கம்பிப் பிசிர்கூட வெளியே நீட்டவில்லை. மூடிகளின் உள்பக்கம், எந்த லைன் எங்கே போகிறது என்று பென்சிலில் எழுதியிருந்தது. 'நடை'. 'பாத்ரூம்'. மணியார்டர் ஃபாரம் நிரப்புகிற மாதிரி குண்டு குண்டான எழுத்து.

ஐந்தாவது மூடியில், 'மங்கை படிக்கிற லைட்'.

அவளா? அவள் படிப்பாளா? எட்டு மாதத்தில் அவள் கையில் ஒரு வாரப் பத்திரிகையைக்கூட அவன் பார்த்ததில்லை.

செத்துப்போனவர்மேல் பொறாமைப்படுவது அசிங்கம். தெரியும். தெரிந்து என்ன செய்ய, வயிறு எரிந்தது.

ஆறு. ஏழு. ஒரு குறையும் இல்லை. மனுஷன் ஓரிடத்திலாவது சோம்பல்பட்டிருக்கக் கூடாதா?

எட்டாவது, வாசல் கதவுக்கு மேலே. வீட்டுக்கான லைன் மொத்தமும் இதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. மூடியைக் கழற்றியதும் கருகல் வாடை. வெறும் கையால் முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றிவிட்ட ஜாயின்ட்.

டேப் புதுசு.

போன மாதம் வாசலுக்கு லைட் போட, இந்த இடத்தில் வயரை வெட்டி இணைத்தது அவன்தான். அன்றைக்கும் அவள் கீழே நின்று அவரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சீக்கிரம் இறங்கிப் போனால் போதும் என்றிருந்தது.

கடைசியாகக் கைவைத்த இடத்தை முதலில் பார் என்று சைட்டில் எல்லோருக்கும் சொல்பவனும் அவன்தான்.

"என்னவாம்?"

ஈரக்கையைத் துடைத்தபடி அவள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எல்லாம் பழைய வயரு. அவரு போட்டது மொத்தமும் இத்துப்போச்சு."

நாக்கூசாமல் சொன்னான்.

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அப்ப பிடுங்கிப் போட்டுருங்க. உங்க கையாலயே புதுசா போடுங்க."

எட்டு மாதமாக இதைக் கேட்கத்தான் காத்துக் கிடந்தான். இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை. பட்டி, கிளிப், அந்தப் பென்சில் எழுத்து. ஒன்றையும் விட்டுவைக்கக் கூடாது. இன்றைக்கே.

"அந்த கட்டிங் பிளேயரை எடு."

பையிலிருந்து எடுத்தாள். வாய்ப்பக்கத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து, பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டினாள். மறு கையால் ஸ்டூலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"மெயினை அணைச்சாச்சுல்ல?" என்றாள்.

இதற்கு முன் அவன் அவளிடம் ஒரு சாமானைக்கூட எடுத்துத் தரச் சொன்னதில்லை. அந்த ஒரு மாத லீவு முழுக்க அவருக்கு இப்படித்தான் எடுத்துக் கொடுத்திருப்பாள்.

பிளேயரை வாங்காமல் ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தான்.