எட்டைத் தாண்டிய கோடு

வானத்தை அளக்கும் கருவி முற்பகல் பதினொரு மணிக்கு ஒருமுறை சொடுக்கி, ரேடியோ அலைகளை மேலே அனுப்புகிறது. அங்கே எலக்ட்ரான்கள் அடர்ந்திருந்தால் அலை திரும்பி வரும். மெலிந்திருந்தால் சல்லடையில் விட்ட தண்ணீர்தான். சூரியப் புயலுக்குப் பிறகு, இரண்டு நாளாக ஐந்து மெகாஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் திரும்பவில்லை. அளவு எடுப்பவள் அந்த ஐந்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மூழ்கிய கப்பலிலிருந்து அவள் தம்பி தப்பி ஏறிய படகின் ரேடியோ எட்டு மெகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். "அவன் கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பான், வானம்தான் திருப்பி அனுப்பல" என்று சொல்லிச் சொல்லியே தேடுதலை நிறுத்தவிடாமல் வைத்திருக்கிறாள். தொலைபேசியில் கரையோர ரேடியோக்காரர் கேட்கிறார்: "ஏம்மா, உங்க வானம் இன்னும் படுத்துத்தான் கிடக்கா?" "அது மெதுவா எழுந்திருக்கட்டும், அண்ணா." திரையில் பச்சைக் கோடு ஊர்கிறது. ஐந்து. ஆறு. அவள் விரல் நகம் மேசை விளிம்பில் பதிகிறது. கோடு எட்டைத் தாண்டி ஒன்பதில் நிற்கிறது. ஸ்கேலை வைத்துப் பார்க்கிறாள். திரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கிறாள். "எவ்வளவும்மா?" "ஒன்பது." அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிடுகிறது. "எட்டுலதாம்மா வச்சிருக்கேன், நீயே கேளு" என்று தொலைபேசியை ரேடியோவின் ஒலிபெருக்கியருகே நீட்டுகிறார். வெறும் இரைச்சல். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், பத்து நிமிடம். அவர் தயங்கித் தயங்கிக் குமிழைத் திருப்புகிறார். பக்கத்து அலைவரிசையில், எங்கோ தூரத்துக் கப்பல்காரர் ஒருவர் சாயங்காலம் மழை வருமா என்று சாவகாசமாக விசாரிப்பது, அடுத்த அறையில் பேசுவதுபோல் அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது.